புகாரை ஷேர் ஆட்டோவில் விட்ட வாரம்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் முதுகில். பொன்னேரியில் ரயில் ஏறும்போதே ஜாக்கெட் நனைந்தாயிற்று. கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது நான் ஊறிப்போன அப்பளம்.

இந்த வார வேலை ஒன்றே ஒன்று. புகார்ப் பக்கத்தை வெள்ளிக்குள் ஏற்றுவது. வெள்ளியன்று, நம் பாக்டரியின் உதிரிபாகங்களை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள்.

பின்கதை (கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, ஏன் எழுதினோம் என்பதையும் மறந்துவிட்டு இதைப் படிக்கப்போகும் எனக்காக): பாக்டரியில் புகார் எழுத ஒரு நோட்டு உண்டு. நூல் கட்டிய பேனாவோடு. தொங்குவது மனிதவள மேலாளர் ர.ரா.வின் அறை வாசலில்! பேக்கிங் மெர்சி போன மாதம் அதில் எழுதினாள். இரண்டாவது ஷிஃப்டில் பெண்கள் கழிப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள், சாவி கேட்டால் கேட் வாட்ச்மேன் நாயுடு, கேட்டவள் பெயரும் நேரமும் குறித்துக்கொள்கிறார் என்று. பெயர் போடவில்லை. கையெழுத்தை வைத்துப் பிடித்துவிட்டார்கள். இப்போது லோடிங்கில், வெயிலில் நிற்கிறாள். பூட்டு மட்டும் அப்படியே.

அதனால்தான் இந்தப் பக்கம். போனில் எழுதலாம், யாரும் படிக்கலாம். பெயர்க் கட்டமே கிடையாது.

டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வருகையைக் குறித்தவள், நாற்பத்தொன்பதில் நிரல் எழுதக் கற்றேன். ஆர்வம் என்று வெளியே சொல்லிக்கொள்வது. உண்மை: பயிற்சிக்கு ஒரு பெயர் அனுப்பச் சொன்ன அன்று நான் லீவு.

ர.ரா. எப்படி ஒப்புக்கொண்டார்? 'டிஜிட்டல்' என்றால் ஆய்வாளர்களுக்குப் பிடிக்குமாம்.

தலைமை அலுவலகக் கணினிப் பிரிவு ஷகிலாவுக்கு போன். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது என்றேன்.

"உங்க லேப்டாப்பயா கேன்டீன்ல கட்டித் தொங்கவிடப் போறீங்க வசந்தாக்கா? கண்டெய்னர்ல போட்டு சர்வர்லெஸ் கிளஸ்டர்ல ஏத்துங்க."

"சர்வரே இல்லாம எதுல ஓடும்?"

"சர்வர் இருக்கும்க்கா. நாம வெச்சிப் பராமரிக்க வேணாம், அவ்ளோதான். ஆள் வந்தா ஓடும். ஆள் இல்லாட்டி அணைஞ்சிடும்."

ஷேர் ஆட்டோ. புரிந்தது. பக்கமும் அதற்கு வேண்டியதெல்லாமும் ஒரே பெட்டிக்குள், அதுதான் கண்டெய்னர். ரோடு முழுக்கக் கண்டெய்னர் லாரி ஓடுகிற ஊரில் என்னுடையது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

புகார்களை வைக்கத் தனியாக ஒரு தரவுத்தளம் தரட்டுமா என்றாள். "நாலு வரி புகாருக்குத் தனி பங்களாவா? பெட்டிக்குள்ளயே ஒரு ஃபைல்ல கெடக்கட்டும்" என்றேன். பெரிய மேதை.

ஜூன் 10, செவ்வாய்

வெயில். இட்லி மறந்து, பன்.

காலை 9.20: ஏற்றினேன். எழுந்தது. செத்தது. எழுந்தது. செத்தது. பதினொரு தடவை.

ஷகிலா பார்த்துச் சொன்னாள். கிளஸ்டர் (பெட்டிகளை ஓட்டும் கணினிக் கூட்டம்) அவ்வப்போது 8080 என்ற கதவைத் தட்டி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்குமாம். என் பக்கம் 5000 என்ற கதவில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பதில் வராததால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைக் கொண்டுவருகிறது. என் மாமியார் வீடு இதைவிடப் பொறுமை.

எண்ணை மாற்றினேன். 12.40: பச்சை. ஓடுகிறது! எழுந்து நின்று கை தட்டினேன். ஸ்டோர்ஸ் ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இந்நேரம் லேத் வரை செய்தி போயிருக்கும்.

போனில் ஸ்கேன் செய்தால் பக்கம் திறக்கும் QR கட்டத்தை அச்சடித்து, கேன்டீன் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒட்டியாயிற்று.

மெர்சி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "யக்கா, மெய்யாலுமே நான்னு தெரியாதுல்ல?"

"எனக்கே தெரியாது."

"உனுக்குத் தெரிஞ்சா தாலுகாவுக்கே தெரியுமே, அதான் கேட்டுக்கினேன்."

நியாயமான பயம்.

ஜூன் 11, புதன்

இன்று காலையிலிருந்து மாலைக்குள் பத்தொன்பது புகார். சில:

– தொட்டிக்குள் பல்லி.
– சாம்பாரில் பருப்பு இல்லை. (சோதனைக்கு நான் போட்டது. உண்மை என்பதால் அழிக்கவில்லை.)
– கழிப்பறைச் சாவி. ஒன்பது பேர், ஒன்பது விதமாக. ஒருத்தி: 'மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறேன்.'
– டைம் ஆபீஸ் வசந்தா ரொம்பப் பேசுகிறார்.

கடைசிப் புகார் யார் வேலை என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். பெயர்க் கட்டம் வைத்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. வெட்கம்.

தண்ணீர் குடிக்காதவளைப் பற்றி யோசிக்கவே முடியவில்லை. யோசித்தால் ர.ரா.வின் மேஜையைக் கவிழ்க்கத் தோன்றுகிறது.

அவர் ஐந்து மணிக்கு வேர்த்துக்கொண்டு வந்தார். "என்ன மேடம் இது? ஆய்வுக்கு ரெண்டு நாள் இருக்குது, இப்பப் போய்..."

"டிஜிட்டல் சார்."

ஜூன் 12, வியாழன்

காலையில் பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமில்லை. பத்தொன்பதும் போயே போச்சு. பல்லி உட்பட.

நான் திகைத்து உட்கார்ந்திருக்க, ர.ரா. மைசூர்பாகோடு வந்தார். கனவில்கூட எனக்கு இனிப்பு தராதவர்.

"பிரமாதம் மேடம்! காலைல பார்த்தேன், ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. தானா க்ளீன் ஆயிடுதா?"

"இல்ல சார், ஆள் இல்லாத நேரத்துல அணைஞ்சி, புதுசா..." உளறிவிட்டேன். இந்த வாய்தான் நேற்றே புகாரில் வந்ததே.

"ஓ, அணைச்சிப் போட்டா க்ளீன்! அப்படியே விடுங்க. கை வெக்காதீங்க. ஆய்வு முடியட்டும்." குரலைத் தாழ்த்தி, "லாரி எடைமேடைல ஒரு ஆள் கேக்கறாங்க. உங்க பேரு சொல்ல வேணாம்னு பார்க்கறேன்."

மைசூர்பாகைத் தின்றுவிட்டேன். கோபம் வேறு, நெய் வேறு.

ஷகிலா போனில் சிரிக்கவில்லை, அதுவே பெரிய தண்டனை. விஷயம் இதுதான்: விடியுமுன் யாரும் பக்கத்தைத் திறக்கவில்லை, பெட்டி அணைந்தது. காலையில் முதல் ஆள் வந்ததும் வேறு புதுப் பெட்டி எழுந்தது. புகார்கள் பழைய பெட்டிக்குள். ஷேர் ஆட்டோவில் பையை வைத்துவிட்டு இறங்கி, அடுத்த ஆட்டோவில் ஏறித் தேடினால்?

இடைவேளையில் மெர்சி. "இன்னாக்கா, உன் பொட்டியும் அந்தாளு கட்சியா? நோட்டாவது கிழிச்சாத்தான் போவும்."

 

எடைமேடையா? போகிறேன். முதலில் இதை முடித்துவிட்டு.

ஷகிலாவிடம் பங்களா கேட்டேன். "திங்கக்கெழமையே எடுத்து வெச்சிட்டேன்க்கா. நீங்க எப்படியும் வருவீங்கன்னு தெரியும்." சாப்பாட்டு நேரத்தில் ஃபைலைத் தூக்கிவிட்டு, புகார்கள் வெளியே தரவுத்தளத்துக்குப் போகும்படி மாற்றினேன். ஒன்பது வரி. மறுபடி பெட்டி கட்டி ஏற்றி, ஒரு புகார் போட்டு, பெட்டியை நானே அணைத்தேன். மூன்று தடவை. புது ஆட்டோ வந்தது. பை பத்திரம்.

மெர்சியிடம் சொன்னேன். இன்னொரு தடவை எழுதச் சொல்ல முகமில்லை, ஆனாலும் சொன்னேன். முறைத்தாள்.

"ஒரு வாட்டி எழுதுனதே பயந்துக்கினு. சரி உடு. இப்ப பயமில்ல."

செய்தி பரவியது: லோடிங்கிலிருந்து பேக்கிங், பேக்கிங்கிலிருந்து அசெம்பிளி. மாலை ஷிஃப்ட் மாறுவதற்குள் முப்பத்தொன்று. தண்ணீர் குடிக்காதவளும் எழுதிவிட்டாள், இந்த முறை கூடவே நான்கு வரி. என்னைப் பற்றிய புகாரும் திரும்பிவிட்டது. நல்லது, ஆள் உறுதியானவர்.

ஜூன் 13, வெள்ளி

மூட்டம். மழை இல்லை. நல்ல புடவை.

9.30: ர.ரா. தன் அறைக்கு அழைத்தார். திரையில் முப்பத்தொன்று. அவர் முகம் சொல்ல வேண்டாம்.

"இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவாங்க. அணைச்சிப் போடுங்க. என் கண் எதிர்ல."

அணைத்துப் போட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பக்கம் வெள்ளை வெளேரென்று ஆனது. புதுப் பெட்டி எழுந்து வர ஒன்பது விநாடி ஆகும். ர.ரா. நான்காவது விநாடியில் "சூப்பர்" என்று லேப்டாப்பை மூடிவிட்டு டையைச் சரிசெய்யப் போனார்.

அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரொம்பப் பேசுகிறேன் என்று புகார் இருக்கிறதே.

மதியம் கேன்டீன். ஆய்வுக்கு வந்த அம்மா கோயம்புத்தூர்ப் பக்கம். தண்ணீர் பிடிக்கப் போனவர் சுவரில் இருந்த கட்டத்தைப் பார்த்தார், தன் போனை எடுத்தார். ர.ரா. சிரித்தபடி, "எங்க டிஜிட்டல் புகார் முறை மேடம். இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்ல."

அந்த அம்மா படித்துக்கொண்டே இருந்தார். விரல் மேலே தள்ளிக்கொண்டே.  தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, அந்தச் சாவி யாருகிட்டங்க இருக்குது?"

 பின்னாலிருந்து மெர்சி: "கேட்டுல நாயுடு இடுப்புல மேடம். வாங்க, காட்றேன்."

இரண்டு பேரும் நடந்தார்கள். பின்னால் ர.ரா. பின்னால் முழுக் கேன்டீன், கை கழுவாமல். நாயுடு சாவிக்கொத்தை அவிழ்க்கத் தடுமாறி, "நானா பூட்டச் சொன்னேன் நைனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிறார். நான் என்ன நைனாவா?

ஜூன் 14, சனி

மழை! ஒருவழியாக. குடை வீட்டில்.

கழிப்பறையில் பூட்டு இல்லை. கொண்டியையே அறுத்துவிட்டார்கள், ஆய்வாளரின் உத்தரவு. நேற்று இரண்டாவது ஷிஃப்டில் பெண்கள் தேவை இல்லாவிட்டாலும் சும்மா போய் வந்தார்களாம். மெர்சிக்கு திங்கள் முதல் மறுபடி பேக்கிங்.

எனக்கும் ஒரு தாள். திங்கள் முதல் எடைமேடை. 'நிர்வாகக் காரணம்.' கையெழுத்து ர.ரா. கண்டுபிடிக்கக் கையெழுத்து நிபுணர் தேவையில்லை.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். தகர அறை. லாரிப் புகை. கம்ப்யூட்டர் இருக்கிறது, நெட் இருக்கிறது, மின்விசிறி இல்லை.

பக்கத்தைத் திறந்தேன். ஒன்பது விநாடி வெள்ளை. பிறகு முப்பத்தொன்றும்.

முப்பத்திரண்டாவது தட்டினேன்: 'எடைமேடை அறையில் மின்விசிறி இல்லை.' பெயர்க் கட்டம் நான்தான் வைக்கவில்லை. அதனால் புகாருக்குள்ளேயே, கடைசி வரியில்:

வசந்தா, எடைமேடை.