பந்தலில் தொங்கும் டப்பா

பீர்க்கம்பந்தலை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போன என் பிரிய அக்காவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ செத்த மூன்றாம் நாள் உன் தகரப்பெட்டியைக் குடைந்தேன். கடிதம் ஏதாவது இருக்குமென்று தேடினேன். நீ பூச்சிமருந்தைத் தின்றுவிட்டதாக ஊரே சொன்னது. நானும் நம்பினேன். யாருக்காக என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பெட்டியில் இரண்டு சேலையும், காகிதத்தில் மடித்த பூசணி விதையும் இருந்தன. அப்போதும் சந்தேகம் தீரவில்லை. கடிதத்தை வேறெங்கோ ஒளித்திருக்கிறாய் என்றே நினைத்தேன்.

அந்தப் பேச்சை முதலில் கிளப்பியது யார்? நீ வேலை பார்த்த மில் முதலாளி பங்களாவின் தோட்ட மேஸ்திரி. சாவுக்கு வந்தவர் நம் வாசலை மிதிக்காமல் வேலிக்கு வெளியே நின்றுகொண்டே சொன்னார்: "சின்னப் புள்ளைங்க மனசுல என்ன இருக்குதுன்னு ஆரு கண்டாங்க? பொடியத் தின்னுபோட்டாளாட்ட இருக்குது." யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஒருவர் ஏன் பதில் சொல்கிறார்?

உன் வேலை எனக்குத் தெரியும். பங்களாக் காய்கறித் தோட்டத்தில் பூசணியையும் வெள்ளரியையும் சல்லடையாக்கும் சிவப்பு வண்டைப் பிடிப்பது. விடியும் நேரத்தில் பனியில் நனைந்து வண்டு மந்தமாக இருக்கும். இலையைத் தட்டி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் விழவைப்பாய். பிறகு அடுப்புச் சாம்பலைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டிக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பாய். ஈர இலையில் சாம்பல் ஒட்டிக்கொள்ளும். தலை நரைத்து வீடு திரும்புவாய். "கெழவி வந்துட்டேன், கால்ல உழுந்து கும்புட்டுக்கடா" என்பாய்.

ஒருநாள் முதலாளியம்மா விருந்தாளிகளுக்குத் தோட்டம் காட்டும்போது இலையெல்லாம் ஓட்டையாக இருந்ததாம். அந்த வாரமே வெள்ளைப் பொடி வந்தது, பூண்டு நாற்றத்தோடு. "எப்புடிங்க போடறது?" என்று நீ கேட்டாயாம். "சாம்பலாட்டந்தான். இதுக்கொரு பாடம் நடத்தோணுமாக்கும்?" என்றாராம் மேஸ்திரி. நீயும் சாம்பலைப் போலவே போட்டாய். அதே துணி, அதே வெறுங்கை, அதே வெறும் வயிறு. இதை உன்னோடு களை வெட்டிய ருக்குமணி சொன்னாள். இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

பொடி தீர்ந்ததும் காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயே, நினைவிருக்கிறதா? மண்டையோடும் இரண்டு எலும்பும் போட்ட டப்பா. அதைப் பீர்க்கம்பந்தலில் கட்டித் தொங்கவிட்டாய். "பாத்தியாடா, வெள்ளக்காரனுக்கும் திருஷ்டி தெரிஞ்சிருக்குது. பூதம் போட்டே அனுப்பீருக்கறான்" என்றாய். நான் சிரித்தேன். நம் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் வரைபடம் பார்த்து இரும்பு கடைகிறவன். மண்டையோட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். வண்டுக்கு விஷம் என்று நினைத்தேன். உனக்கு என்று நினைக்கவில்லை.

அடுத்த டப்பா பாதி தீர்வதற்குள் நீ விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மாட்டுவண்டியிலேயே முடிந்துபோனாய்.

போன வாரம் மேஸ்திரி மறுபடி வந்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏ மாரா, உம் புள்ள ஒரு டப்பா கொண்டாந்தாளாமா. இருந்தாக் குடு."

"காலி டப்பாதானுங்க. அது எதுக்குங்க உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"பங்களாச் சாமான் பங்களாவுல இருக்கோணும். அப்புறம், திங்கக்கெழமை நீ வேலைக்கு வந்துரு. உம் புள்ள எடத்துலயே உன்னயப் போடச் சொல்லீருக்கறாங்க."

ஒரே மூச்சில் டப்பாவும் வேலையும். பங்களாவின் பின்புறம் எத்தனையோ தகர டப்பாக்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இந்த ஒன்றைத் தேடி அவர் ஏன் மெனக்கெட்டு நடந்து வரவேண்டும்?

"காணமுங்க" என்றேன். அது அவர் தலைக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருந்தது. உன் பீர்க்கங்கொடி மூடியிருந்தது.

அவர் போனதும் துணி சுற்றிய கையால் அவிழ்த்தேன். பட்டறை எழுத்தரிடம் அகராதி இரவல் வாங்கி வந்து, வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். வெறுங்கையால் தொடக்கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். பறக்கும் தூசியில் நிற்கக்கூடாது. அதற்குக் கீழே, இன்னும் பொடி எழுத்தில், விஷம் ஏறினால் தெரியும் அடையாளங்கள்: வியர்க்கும், எச்சில் வழியும், கண்ணின் கருமணி சுருங்கும். அக்கா, வண்டியில் உன் இமையை விரித்துப் பார்த்தவன் நான்தான். கருமணி கடுகளவு இருந்தது.

தின்றாலும் இப்படித்தான் ஆகும் என்று மேஸ்திரி சொல்வார். அதையும் நானே முதலில் யோசித்தேன். உன்னைக் குளிப்பாட்டிய அம்மாவிடம் கேட்டேன்.

"வாயில ஒரு வாசமுமில்லடா. தலமசுருலதான் பூண்டு நாத்தம். மூணு தடவ சீயக்கா போட்டும் போவுல" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "ஏண்டா, நீயுமா அவளச் சந்தேகப்பட்ட?"



நாளை திங்கட்கிழமை. அம்மாவிடம் போகாதே என்றேன். "அடுப்பெரிய வேண்டாமா? போறேன். சாம்பல் மூட்டையோட போறேன். அந்தப் பொடியத்தான் போடோணுமின்னா, அந்த மொதலாளியம்மாளையே மொதல்ல தட்டிக் காட்டச் சொல்றேன்" என்கிறாள். நானும் போகிறேன். வேலைக்காரப் பெண்கள் உள்ளே நுழையும் முன், பங்களா கேட்டில் நின்று டப்பாவில் இருப்பதைத் தமிழில் உரக்கப் படிக்கப் போகிறேன். என் பட்டறை வேலை போகலாம். அதன் முதலாளியும் இந்த முதலாளியும் சம்பந்திகள். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவதும் அதனால்தான். டப்பாவைப் பிடுங்கிவிடலாம், அச்சானதை என்ன செய்வார்கள்?

உன் பந்தலில் மறுபடி வண்டு விழுந்திருக்கிறது. விடியலில் நானே இலையைத் தட்டிப் பிடிக்கிறேன். உன் பாதி வேகம்கூட வரவில்லை. இனி நம் தெருவில் எவரும் நீயாகச் செத்தாய் என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போக முடியாது. இது உனக்கு என் வாக்கு.

உன் பெட்டியைத் திறந்து பார்த்த,
டப்பாவைத் திருப்பிப் பார்க்காத,
உன் தம்பி.