ஒன்றாம் பொத்தான்

அன்புள்ள மைத்துனனுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய். நான் இங்கே சுகமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் ஸ்போர்ட்ஸ் காரின் டிரைவர் சீட்டில் மாட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். முதுகை சீட் தள்ளுகிறது, வயிற்றை ஸ்டீயரிங் தள்ளுகிறது, நடுவில் உன் அத்தான். கார்க் கதவு தாராளமாகத் திறக்கிறது. தொந்திதான் ஒத்துழைக்கவில்லை. காரின் கையேட்டை வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே செருகி, அதன் கடைசியில் சும்மா கிடந்த வெள்ளைத் தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

கதவின் உட்புறம் ஒன்று, இரண்டு என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றனவே, அதில் ஒன்றாவதை ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதற்கானது என்று நினைத்து அழுத்திவிட்டேன். அது நீ உட்காரும் அளவை ஞாபகம் வைத்திருக்கும் பொத்தானாம். சீட் கிளம்பி, நீ உட்காரும் இடத்துக்கே என்னைக் கொண்டுபோனது. நீ குடைக் கம்பி. நான் விரித்த குடை. நல்ல வேளையாகவோ கெட்ட வேளையாகவோ, என் வயிறு நசுங்கும் இடத்தில் பேட்டரி உயிரை விட்டது. சீட் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

இரண்டு மணி நேரம் ஆகிறது. உன் அக்கா வந்து பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தாள். தோள்பட்டைதான் வந்துவிடும் போலிருந்தது. "ஐம்பது வயசுல பொம்மைக் கார்ல ஏறி மாட்டிக்கிட்ட குழந்தை மாதிரி இருக்கீங்க" என்றாள். பிறகு ஜன்னல் வழியாக டீ கொடுத்தாள். டம்ளரைச் சாய்க்க இடமில்லை என்றதும், உள்ளே போய் ஒரு உறிஞ்சு குழலோடு வந்தாள். குழலில் டீ குடித்திருக்கிறாயா, மாப்பிள்ளை? நாக்கு வெந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால்தான் கடிதம்.

போன மாதம் என் ஆபீஸ் முகவரிக்கு நீ அனுப்பிய உறை கிடைத்தது. காரை விற்கும் படிவங்களில் உன் கையெழுத்து, கூடவே நாலு வரி. இனி அங்கேயே தங்கிவிடப் போகிறாய், திரும்பி வருவதாக இல்லை, காரை விற்றுவிட வேண்டும், அக்காவிடம் நான் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். பக்குவமாக! இருபத்தாறு வருடத்தில் உன் அக்காவிடம் நான் பக்குவமாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், சமையல் நன்றாக இருக்கிறது என்று. அதையே அவள் இன்னும் நம்பவில்லை.

நீ போன மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் இந்தக் காரைத் துடைக்கிறாள். என் சட்டைக்குப் பொத்தான் தைக்க நேரமில்லாதவள், உன் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே பல் தேய்க்கும் பிரஷ் விட்டுத் தேய்க்கிறாள். அது என் பிரஷ் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஷெட்டுக்குள் புகுந்துகொண்டேன். அவளிடம் காரைச் சரி செய்யப்போவதாகச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துபோய், "அவன் வர்றானா? உங்ககிட்ட மட்டும் சொன்னானா?" என்று கேட்டாள். நான் ஸ்பேனரைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன். அன்றைக்குக் குனிந்தவன் இன்னும் நிமிரவில்லை.

காரை வாங்க ஒரு பல் டாக்டர் வருகிறார். அவரைக் கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர் என்று உன் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் முதல் தடவை வந்தபோது வண்டி கிளம்பவில்லை. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, ஒரு பகல் முழுக்க சார்ஜ் போட்டேன். கிளம்பியது. ஆனால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றதில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, சுத்தியலால் செல்லமாக நாலு தட்டு தட்டினேன். விட்டுக்கொடுத்தது. மாட்டி முடித்தபோது கையில் ஒரு நட்டு மிச்சம் இருந்தது. கழற்றும்போது எண்ணவில்லை, அதனால் பயமும் இல்லை.

இரண்டாம் தடவை அவர் வந்தபோது எஞ்சின் சூடு ஏறிக்கொண்டே போனது. வண்டிக்கு அடியில் பச்சைத் தண்ணீர். தண்ணீர் போகும் ரப்பர் குழாயின் நுனி வெடித்திருந்தது. வெடித்ததை ஒரு கட்டைவிரல் அளவு வெட்டிவிட்டு, மறுபடி செருகி, கிளிப்பை முறுக்கினேன். ஒழுகல் நின்றது. என்னை நானே தட்டிக்கொடுத்தேன், அதே கையில் ஆயில் இருந்ததை மறந்து.

ஒரு ரிப்பேர் முடியுமுன் அடுத்தது முளைத்தது எனக்கு வசதியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஓடாத காரை விற்க முடியாது, விற்காத வரை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், பழுது ஒவ்வொன்றும் தானாக வந்த பழுது. எதையும் நான் கிளப்பிவிடவில்லை.

நேற்று பல் டாக்டர் போன் செய்தார். "ஓடலைன்னா பரவாயில்ல சார், ஆடுற பல்லை எத்தனை நாள் பாத்துக்கிட்டே இருக்கிறது? நாளைக்கு இழுவை வண்டியோட அஞ்சு மணிக்கு வர்றேன்" என்றார். இப்போது நாலரை. ஆள் மாட்டியிருக்கும் காரை யாரும் இழுத்துப்போக மாட்டார்கள் என்று நம்பியிருக்கிறேன். இன்றைக்கு இந்தக் காரில் மிச்சமிருக்கும் ஒரே பழுது நான்தான்.

சற்று முன் உன் அக்கா மறுபடி வந்தாள். மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்றாள். நான் வேண்டாம் என்றதும் ஜன்னல் ஓரம் நின்று சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "வெளிய வந்ததும் சீட்டை எங்கயும் நகர்த்தாதீங்க. அது அவன் உட்கார்ற அளவு, கலைச்சுடாதீங்க" என்றாள். மாப்பிள்ளை, அதற்குப் பிறகு எனக்கு ஸ்டீயரிங் அழுத்தியது வலிக்கவில்லை.

டாக்டரை இன்றைக்கு எப்படியாவது திருப்பி அனுப்பிவிடுகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளுக்குப் போன் செய். வரவில்லை என்றால் வரவில்லை என்று உன் வாயால் சொல். அழுவாள், உன்னைத் திட்டுவாள், அப்புறம் என்னைத் திட்டுவாள். அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கும் அவளுக்கும் நடுவில் இதற்கு மேல் வயிற்றை எக்கிக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. கொஞ்சம் சதை போடு, யாருக்காவது பிற்காலத்தில் உதவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிக்கக் கையேட்டை உருவினேன். வயிறு அழுந்தி ஹாரன் அடித்துவிட்டது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். செத்துப்போன பேட்டரியில் ஹாரன் எப்படி அடித்தது என்று கேட்டுக்கொண்டே உன் அக்கா வந்துகொண்டிருக்கிறாள்.