அறைக் கதவில் மூன்று ராஜாக்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். யாத்விகா எழுதுகிறேன். இந்தக் கரகண்டா ஊரில் குளிர் வாட்டுகிறது, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நம் வீட்டுக் கதவில் ஆசீர்வாத எழுத்தை இந்த வருஷம் யார் எழுதினார்கள்?

இங்கே நான்தான் மந்திரித்த சாக்பீஸால் விடுதி அறைக் கதவில் ராஜாக்களின் பெயரெழுத்துகளை எழுதினேன். ஜனவரி பத்தொன்பதாம் தேதி ரஷ்யக் கோயில்காரர்களுக்குத் தண்ணீர் மந்திரிக்கும் திருநாள். என்னோடு தங்கியிருக்கும் க்சேனியா தீர்த்தம் கொண்டுவந்து கதவெல்லாம் தெளித்தாள். என் எழுத்து பாதி கரைந்து வழிந்தது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு தெரியலையாடி உனக்கு?"

"தண்ணி பட்டா அழியிறதெல்லாம் ஒரு ஆசீர்வாதமா?" என்கிறாள், திமிர் பிடித்தவள்!

அன்று மாலைதான் நம் கோயிலாரும் அவர்கள் கோயிலாரும் சேர்ந்து ஒற்றுமைக்காக ஜெபம். நாங்கள் ஆளுக்கொரு மூலையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்தால் வார்டன் தமாரா ஈரத்துணியோடு நிற்கிறாள். "கதவு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று மிச்ச எழுத்தையும் துடைத்துவிட்டாள். நான் வாய் திறக்குமுன் க்சேனியா பாய்ந்தாள்.

"அவ எழுதுனதை அழிக்கிறதுன்னா நான் அழிப்பேன். நீங்க யாரு?"

பயப்படாதீர்கள், விடுதியை விட்டு எங்களை விரட்டவில்லை. ஒரு வாரம் இருவரும் சமையலறை துடைக்க வேண்டும், அவ்வளவுதான். அநியாயம்!

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். க்சேனியாவுக்குப் பின்னி அனுப்ப ஆளில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சாமியாரிடம் மந்திரித்த சாக்பீஸ் பெரிய துண்டாகக் கேளுங்கள். அடுத்த வருஷமும் தெளிக்கத்தான் போகிறாளாம்.

உங்கள் மகள்,
யாத்விகா