இபுவின் கை

ஜூலை 9, 2023
பள்ளிக்கு விடுப்பு சொல்லியாகிவிட்டது. கரு இடது குழாயில் சிக்கியிருக்கிறதாம், கருப்பை காலி. கரைப்பதற்கு ஊசி போட்டார்கள். கையெழுத்துப் போட்டவள் நான்தான். வயிற்றை யாரும் அழுத்தக் கூடாது, குழாய் வெடிக்கலாம் என்றார் டாக்டர். என் கணவர் செனோ தலையாட்டினார். இபு என்று நாங்கள் கூப்பிடும் அவர் அம்மாவிடம் அதை யார் சொல்வது?

ஜூலை 12
இறங்கிய கருப்பையைத் தேய்த்துத் தூக்கிவிடுவதில் இபுவின் கைக்கு ஊரெல்லாம் பேர். சொந்த மருமகளுக்கு நான்கு வருடமாக ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தலைகுனிவு. இன்று செனோ வேலைக்குப் போனதும் தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டு எடுத்துவந்தாள்.

"டாக்டர் கை வைக்கக் கூடாதுன்னார், இபு."

"கண்டவங்க கையைச் சொல்லியிருப்பார். கரு வழி தப்பிருச்சு, அவ்வளவுதான். மெல்லத் தள்ளிவிட்டா வந்து உக்காந்துக்கும். படு அம்மாடி."

படுத்தேன். ஒருவேளை நடந்துவிட்டால் — அந்த நப்பாசைதான்.

ஜூலை 13
வலி.

ஜூலை 19
குழாய் வெடித்து வயிறெல்லாம் ரத்தம். அறுத்து எடுத்துவிட்டார்கள். வலது குழாயும் அடைப்பாம். "ஊசி போட்டும் சிலருக்கு வெடிக்கும்" என்றார் டாக்டர். தேய்த்ததை நான் சொல்லவில்லை, செனோவிடம்கூட. இபுவும் சொல்லவில்லை. வார்டு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

அக்டோபர் 2
யாரோ ஒரு பெண் இபுவைத் தேடி வந்தாள். "கை வலிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போ" என்று இபு அவளை வாசலிலேயே அனுப்பிவிட்டாள். இபு பாவம் என்று தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 10, 2024
நோன்புப் பெருநாள். முறைப்படி பெரியவர்கள் முன் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டேன். இபுவிடமும். நான்! சின்ன மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "மோட்டார்பைக்குல ஆடி ஆடிப் பள்ளிக்கூடம் போனா எந்தக் கரு நிக்கும்?" இபு வாயே திறக்கவில்லை.

நவம்பர் 20
இனி வெளியே கரு உண்டாக்கி உள்ளே வைப்பது ஒன்றுதான் வழி. தினம் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி. செனோ ஊசியை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்துவிடுகிறார். நானே போட்டுக்கொள்கிறேன்.

ஜனவரி 14, 2025
முதல் கரு தங்கவில்லை.

மார்ச் 18
இரண்டாவதும் இல்லை. இனி உறைநிலையில் வைத்த கரு எதுவும் பாக்கியில்லை. செனோ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நான் கேட்காத மாதிரி சோறு வடித்தேன்.

மார்ச் 31
பெருநாள். சின்ன மாமியார் கேசரித் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "இன்னும் அந்த பைக்கை விடலையா நீ?"

"அவளைக் கேக்காதே" என்றாள் இபு. "கரு குழாயில இருந்தப்ப நான்தான் தேய்ச்சேன். டாக்டர் வேணாம்னும் தேய்ச்சேன்."

செனோ என்னைப் பார்த்தார். நான் மண்டியிட வேண்டிய இடத்தில் இபு என் முன்னால் மண்டியிட்டாள். பெரியவர்கள் அப்படிச் செய்வதே இல்லை.

மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. வரவில்லை. "எழுந்திரிங்க இபு, முட்டி வலிக்கும்" என்றேன். கை கொடுத்தேன். அவள் எழுந்து நிற்கும்வரை விடவில்லை.