தொண்ணூற்றொன்றில் முடியும் பகா எண்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
20-2-1966

அன்பு மகன் மரியஅந்தோணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் உன் தங்கை அமல்ராணியும் சுகம், அந்த வெளிநாட்டுப் பனியில் நீயும் சுகமாக இருக்க ராத்திரி செபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மல்லாட்டை விளைச்சல் இந்த வருஷம் சுமார்தான்.

அமல்ராணியைப் பார்க்கப் போன மாதம் விழுப்புரத்திலிருந்து வந்தார்கள். பையன் ராயப்பன், ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார், கூட அவன் தாயார். மேசைமேல் உன் கடிதத்தின் உறை கிடந்தது. இரண்டைப் பதினோராயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று தடவை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண் என்று உங்கள் காலேஜில் தபால் உறைமேல் முத்திரை குத்தியிருக்கிறார்களே, அதைப் பையன் பார்த்தான். மூவாயிரத்துச் சொச்சம் இலக்கம் என்று நீ எழுதியதைச் சொன்னேன். அவன் பென்சில் கேட்டு வாங்கிக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்துவிட்டு, "கடைசி ரெண்டு இலக்கம் தொண்ணூத்தொண்ணு வருதுங்க, அது ஏழால வகுபடும், அப்புறம் இது எப்படிப் பகா எண்ணு, தப்பா அச்சடிச்சிருக்காங்க" என்றான். காபி கொண்டுவந்த அமல்ராணி நின்று, "நூத்தித்தொண்ணூத்தொண்ணும் அப்படித்தான் முடியுது, அது ஏழால வகுபடுதுங்களா?" என்று கேட்டுவிட்டாள். அதோடு விட்டாளா, இரண்டைப் பெருக்கிக்கொண்டே போனால் ஏழால் வகுக்கும்போது மீதி இரண்டு, நாலு, ஒன்று என்றே சுற்றிச் சுற்றி வரும், இந்த எண்ணுக்கு நாலில் நிற்கும், ஒன்று கழித்தால் மூன்று மீதி, ஆகவே ஏழால் வகுபடாது என்று முழுக்கச் சொன்னாள். தாயார் எழுந்து, "பொண்ணு பாக்க வந்தா பரீட்சை வைக்குது" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். அம்மா அழுதாள். நான் அமல்ராணியை ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு சரியாக இருக்கும்போது என்னவென்று சொல்வது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தால் ராயப்பன் வாசலில் நிற்கிறான், தாயாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். உட்காருமுன்னே, "தப்பு என்னுதுதாம்மா, அவங்க சொன்னதுதான் சரி" என்று தாயாரைப் பார்த்துச் சொன்னான். பிறகு அமல்ராணியிடம், பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்று நூறு வரைக்கும் பார்த்ததாகவும் எதிலும் மீதியில்லாமல் போகவில்லை என்றும் சொன்னான். அவள் சிரித்துவிட்டு, "இருபத்திரண்டாயிரத்துக்குக் கீழ எதுலயும் அது வகுபடாதுன்னு அண்ணன் எழுதியிருக்காருங்க" என்றாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் தூங்கியிருப்பேனே" என்றான். தாயாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சம்மதம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நாளை மறுநாள் கழித்துத் தவசு காலம் தொடங்குகிறது, அதனால் உயிர்த்த ஞாயிறு கழிந்துதான் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். உனக்குச் சம்மதமா எழுது. மனசார ஒத்துக்கொண்டாயா என்று நான் அமல்ராணியைத் தனியாகக் கேட்டேன். "தப்ப எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்பா, அவங்கம்மா எதிர்லயே சொன்னாரு" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

காது மூடாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசை தவறாதே. தேவமாதா உன்னைக் காப்பாளாக.

அன்புள்ள அப்பா,
சவுரிராயன்