அப்பா பேரில் ஒரு கூறு

என் செல்ல அப்பாவுக்கு,

தஞ்சாவூரில் இறங்கிய அன்று, பத்திரமாக வந்துவிட்டேன் என்று சொல்ல உங்கள் எண்ணைத்தான் அழுத்தினேன். பாதியில் ஞாபகம் வந்து நிறுத்தினேன். அன்று சொல்ல முடியாததையும் சேர்த்து நான்கு மாதச் செய்தியை இப்போது எழுதுகிறேன். பொறுமையாகக் கேளுங்கள், உங்களுக்கு இனி அவசரம் ஒன்றும் இல்லையே.

முதலில் ஒரு சண்டை. ஈப்போவில் பார்ப்பவரிடமெல்லாம் "நமக்குத் தஞ்சாவூர்" என்று பீற்றிக்கொண்டீர்களே, உங்கள் ஊர் எங்கே, தஞ்சாவூர் எங்கே? பல்கலைக்கழக விடுதியிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு பஸ், திருவிடைமருதூருக்கு இன்னொன்று, அப்புறம் ஒரு மினிபஸ். காவிரி காவிரி என்று உருகினீர்கள். நான் வந்த மாதமே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், செருப்பு நனையாமல் அக்கரைக்கு நடந்தே போனேன். பாசன வாய்க்கால்களைப் படிக்க மலேசியாவிலிருந்து ஒரு செமஸ்டர் வந்தவளுக்கு நல்ல வரவேற்புதான்!

ஆனால் நான் வந்தது வாய்க்காலுக்காக மட்டுமா? ஆஸ்பத்திரியில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஊருக்குப் போனா, அண்ணன் பேசுறாரான்னு பாரும்மா." உங்கள் அண்ணன் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, விசா வந்துவிட்டதென்று யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறியவர் நீங்கள். அன்றிலிருந்து பெரியப்பா உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் இறந்துபோன செய்தியை அம்மா சொன்னபோதும், கேட்டுவிட்டுப் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

என்னோடும் பேசவில்லை அப்பா. ஞாயிறுதோறும் போனேன். சம்பா அறுத்த வயலில் அவரோடு குனிந்து உளுந்துச் செடி பிடுங்கினேன். எதிரிலேயே நான் நிற்பேன், அவரோ பெரியம்மாவிடம், "அந்தப் பொண்ணு சாப்புட்டுச்சான்னு கேளு" என்பார்.

"ஏன், நீங்க கேட்டா முத்து உதிந்துருமா? பக்கத்துலதானே நிக்குது" என்பார் பெரியம்மா. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். செத்தவரிடம்கூட என்ன வீம்பு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சித்திரையில் உங்கள் வீரனார் கோயில் கிடாவெட்டு வந்தது. கறியைத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு கூறு என்று இலையில் பிரித்துவைத்து, குடும்பத் தலைவர் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் பெரியம்மா சொன்னார்.

"மலேசியாவுல உங்கப்பாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு கேட்ட வருசமே, தம்பி பேரையும் பட்டியல்ல சேத்துக்குங்கன்னு சொல்லிட்டாரு. கூப்புடும்போது 'இருக்கான்'னு சொல்லி இவருதான் வாங்குவாரு. ஆனா ஒரு துண்டு வாயில வைக்க மாட்டாரு. பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருவாரு. 'அவன் வந்து பக்கத்துல ஒக்காரட்டும், திங்கிறேன்'ம்பாரு."

இத்தனை வருடமாக, அப்பா. தெரிந்திருந்தால் ஒரு டிக்கெட் போட்டிருப்பீர்களா? இல்லை, அவர் முதலில் கூப்பிடட்டும் என்றுதான் இருந்திருப்பீர்களா? நீங்களும் அவர் தம்பிதானே.

"செல்வராசு!" என்று கூப்பிட்டார்கள். இருக்கான் என்று பெரியப்பா இனி எப்படிச் சொல்வார்? பட்டியல் வைத்திருந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆம்பளப் புள்ளயும் இல்ல. பேர எடுத்துரலாமாண்ணே?"

உங்களை இரண்டாம் முறை பறிகொடுக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"எதுக்குய்யா எடுக்கணும்? அவன் மவ நிக்கிறாளே, கண்ணு தெரியலையா?" என்று அதட்டிய பெரியப்பா, என் பக்கம் திரும்பினார். "மலரு, போய் வாங்கிட்டு வாம்மா."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெண்கள் வந்து வாங்குகிற வழக்கம் அங்கே இல்லை. யாரோ முணுமுணுத்தார்கள். நான் போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பெரியம்மா குழம்பு வைத்தார். பெரியப்பா தன் பக்கத்தில் ஓர் இலையைப் போடச் சொல்லி என்னை உட்காரவைத்தார். முதல் கவளத்தைக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சாப்பிட்டார்.

"காரம் தாங்குமா ஒனக்கு?"

தாங்கும் என்று பொய் சொன்னேன். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழியை மிளகாய்மேல் போட்டோம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: பேசுகிறார் அப்பா. இப்போது தினமும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று என்னிடமே கேட்கிறார்.

அடுத்த வாரம் ஈப்போவுக்குக் கிளம்புகிறேன். ஆனால் ஒவ்வொரு சித்திரைக்கும் வந்துவிடுவேன். உங்கள் பெயரைக் கூப்பிடும்போது, "இருக்கேன்" என்று சொல்ல நான் நிற்பேன்.

இப்படிக்கு,
செல்வராசு தலைக்கட்டு,
உங்கள் மகள் மலர்