கிருபாவதிக்கு மூன்று பாக்கி

சித்தூர்,
10-11-1985, ஞாயிறு மாலை.

அன்புள்ள மகன் இன்பசேகரனுக்கு நைனா ஜெபதாஸ் எழுதுவது. ஆண்டவருடைய இரக்கம் உன் ஹாஸ்டல் அறையிலும் தங்கியிருப்பதாக.

திருப்பதியில் நல்ல மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். போன தரம் குடையை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். ஈரத்தில் அலையாதே. இங்கே நேற்று மட்டும் தூறியது. அக்கா ஞானசௌந்தரி வழக்கம்போல் சனிக்கிழமை பலமனேரிலிருந்து வந்தாள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளி ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். அம்மா ரசம் வைத்தாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டு அவள் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அக்காவுக்கு அனுப்பிய தடித்த கவர் செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த வீட்டில் யார் பெயருக்குக் கடிதம் வந்தாலும் பிரிப்பது உன் அம்மாதான் என்பது உனக்குத் தெரியாததல்ல. நான் பள்ளியிலிருந்து வந்தபோது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த தாளை என் பக்கம் திருப்பினாள். உன் கையெழுத்து, கார்பன் நகல். ‘கிருபாவதி. உயிர் பன்னிரண்டில் மூன்று பாக்கி. இனி மருந்து இல்லை’ என்று எழுதியிருந்தாய்.

“இன்னாங்க இது? எம்பேரப் போட்டு மூணு பாக்கின்னு எழுதிக்கிறான். மூணு மாசமா?” என்று கேட்டாள்.

 அது நீயும் சிட்டிபாபுவும் கோவர்த்தனனும் ஹாஸ்டலில் ஆடுகிற கதை விளையாட்டு, அக்கா தபாலில் ஆடுகிறாள் என்பதெல்லாம் எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. தசரா லீவில் நீ உட்கார்ந்து விளக்கினாய். ஒருவன் ஒரு நாட்டையே கற்பனையில் கட்டி நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அதற்குள் போவார்கள், பகடை விழுவதைப் பொறுத்துப் பிழைப்பார்கள் என்றாய். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே ஊம் போட்டேன். அந்தத் தாளைப் பார்த்ததும் அம்மாவைப் பரிசோதித்த வேலூர் டாக்டர் உனக்குக் கடிதம் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவள் கையிலிருந்து அதை நான் வெடுக்கென்று பிடுங்கியதை அம்மா கவனித்துவிட்டாள்.

இனி உன்னிடம் மறைத்துப் பிரயோஜனமில்லை. அம்மாவுக்கு அல்சர் என்று போன மாதம் உனக்கு எழுதினேனே, அது பொய். அவளிடம் சொன்னதும் அதே பொய்தான். வயிற்றில் இருப்பது கட்டி, கெட்ட கட்டி. டாக்டர் அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார். அப்படியே விட்டால் மூன்று மாதம், மிஞ்சினால் நாலு. அறுத்தால் பிழைத்து வருஷக்கணக்கில் இருக்கலாம், ஆபரேஷன் மேஜையிலேயே போய்விடவும் கூடும். இரண்டில் ஒன்றை நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள், நவம்பர் பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்கள் என்றார். ஆஸ்பத்திரி வாசலில் அவள் என்னிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். காரம் குறைக்கச் சொன்னார் என்றேன்.

நேற்று அக்கா வந்து எல்லாவற்றையும் விளக்கினாள். கிருபாவதி என்பது அவள் எடுத்துக்கொண்ட வேஷமாம், வைத்தியம் பார்க்கிற பெண்ணாம். ராசியாக இருக்கட்டும் என்று அம்மா பெயரை வைத்தாளாம். நீ எழுதிய குறிப்பையும் எடுத்துப் படித்தாள். ‘விளையாட்டை நடத்துகிறவர்கள் வழக்கமாக ஒரு அட்டையை நிறுத்தி அதற்குப் பின்னால் எல்லாவற்றையும் மறைத்து வைத்துக்கொள்வார்கள், நான் அட்டையை எடுத்துவிட்டேன், நீங்கள் நுழையப்போகிற கோட்டைக்குள் என்ன இருக்கிறது, அதன் பலம் எவ்வளவு, எதற்குப் பகடையில் எத்தனை விழ வேண்டும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே எழுதி அனுப்புகிறேன், தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்’ என்று எழுதியிருந்தாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பரீட்சை வினாத்தாள் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்குகிறவன் நான். நேரம் வருமுன் தெரிந்தால் கெடுதல் என்றே இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் ஆடுகிறவர்களிடமே கொட்டிவிட்டால் அப்புறம் அதில் பயமென்ன, விளையாட்டென்ன என்று அக்காவிடம் சத்தம் போட்டேன். அவளா விடுவாள். “இல்ல நைனா. தெரியாம போயி விழுந்தா அது வெறும் ஏமாத்து. உள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்சிக்கினு கதவாண்ட நிக்கிறப்பதான் நெஜமான பயம். நாங்க ரொம்ப நேரம் யோசிக்கிறதே அப்பதான்” என்றாள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “வெளையாட்டா இது. நான் ஒருத்தி, இன்னாமோன்னு நெனச்சிக்கினேன்” என்று சிரித்தாள்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் சிரித்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூணு மாசமா என்று கேட்டதற்குப் பிறகு உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காமல் இருக்கிறாளே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. புதன்கிழமை என்னை அடுப்புப் பக்கம் நிற்க வைத்துக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொடுத்தாள். ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில், உன் ஞானஸ்நானச் சீட்டு எந்த உறையில் என்று காட்டினாள். எதற்கு இப்போது என்றேன். சும்மாதான் என்றாள். என் கண்ணெதிரே வீட்டை என்னிடம் ஒப்படைக்கிறாள்.

இன்று ஆராதனை முடிந்து வந்ததும் அக்காவிடம், “இந்த வாட்டி கிருபாவதிய நான் ஆடறேன், குடு” என்று தாளை வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் கோட்டை வரைபடத்தை விரித்து வைத்து மத்தியானம் முழுக்கப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் இருக்கிற மிருகத்தைப் பற்றி நீ எழுதியதை விரல் வைத்துப் படித்தாள். மூன்று மணி பஸ்ஸுக்கு அக்கா கிளம்பிப் போனாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அதன்பிறகு அம்மா தாளை மடித்து என்னிடம் கொடுத்து, உனக்கு எழுதும்போது சேர்த்து வைக்கச் சொன்னாள். “நீங்களும் பாருங்க” என்றாள். பார்த்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

கிருபாவதி வெளியே காத்திருக்கலாம், நாளுக்கு ஓர் உயிர் குறையும். உள்ளே போகலாம், பகடையில் நாலுக்கு மேல் விழ வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய். உள்ளே போகலாம் என்பதன் கீழே பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருக்கிறாள். அதற்கும் கீழே, அவளுடைய பெரிய பெரிய எழுத்தில், ‘கூட எத்தனை பேர் வரலாம்?’ என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்கு வேலூர் போகிறோம். அதற்குள் அவளிடம் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். என்னால் முடியவில்லை. அவள் கேட்டதற்கு நீ தபாலில் பதில் எழுதாதே, பகடையையும் உருட்டாதே. இதைப் படித்ததும் புறப்பட்டு வா.

கர்த்தர் உன்னை வழியில் காத்து வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உன் வரவுக்காகப் பயத்தோடு காத்திருக்கும்
நைனா,
ஜெபதாஸ்.